பெரிய புல்டோசர்: இரண்டைக் கட்டுவதா, ஒன்றை வளர்ப்பதா?

பெரிய புல்டோசரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு நேராகக் குதிரைத்திறனில் போய் நிற்கும். 850 பெரிதா, 1,150 பெரிதா என்று. நான் வேறு இடத்தில் தொடங்குகிறேன். பிளேடு நிறைய மண்ணோடு வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு போகிறது. பாரம் ஏறிக்கொண்டே போனால் இரண்டில் ஒன்று நடக்கும். என்ஜின் திணறி அடங்கும். அல்லது சக்கரத்துக்குப் பதிலாக வண்டியைத் தாங்கி ஓடும் இரும்புச் செயின் நின்ற இடத்திலேயே சுற்றி, அடியிலுள்ள மண்ணைப் பறித்துப் பின்னால் தள்ளும். செயின் சுற்ற ஆரம்பித்துவிட்டால் என்ஜினில் எவ்வளவு சக்தி மீதம் இருந்தும் பயன் இல்லை. வண்டியின் எடையும் தரையின் பிடிப்பும் எவ்வளவு விடுமோ அவ்வளவுதான் தள்ள முடியும். காய்ந்த களிமண்ணில் செயின் வண்டி தன் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் வரை தள்ளும். அதே தரையில் டயர் வண்டிக்கு 55 சதவீதம்தான் கிடைக்கும். 100 டன் வண்டி என்றால் 90 டன் தள்ளு. அதற்கு மேல் வேண்டுமா, எடையைக் கூட்டியாக வேண்டும்.

எடையைக் கூட்டு, அதை நகர்த்தும் சக்தியையும் கூட்டு. சொல்வது எளிது. இதைச் செய்து காட்ட ஆளாளுக்கு ஒரு வழி பிடித்தார்கள். சிலர் ஒரே வண்டியில் இரண்டு என்ஜின் வைத்தார்கள். சிலர் இரண்டு முழு வண்டிகளைக் கோத்தார்கள். சிலர் ஒற்றை வண்டியையே வளர்த்துக்கொண்டு போனார்கள். ஒரு நிறுவனம் செயினின் வடிவத்தையே மாற்றியது. இவை எல்லாமே மண்ணைத் தள்ளின, நிலைத்தவை சில. அவை ஏன் நிலைத்தன என்று பார்க்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்றுதான். மெக்கானிக் சீக்கிரம் கழற்றிப் பூட்ட முடிந்த வண்டியும், பிரித்து டிரெய்லரில் ஏற்றி அடுத்த வேலைக்குக் கொண்டுபோக முடிந்த வண்டியும் தங்கின. மற்றவை எவ்வளவு பலசாலியாக இருந்தும் ஒதுங்கின.

சக்கரமா, செயினா

முதல் போட்டி, எடையை மண் தாங்குமா என்பதில்தான். கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரை ஒட்டிய கழிமுக நிலம் நல்ல விளைச்சல் தரும். ஆனால் கனமான நீராவி டிராக்டரை இறக்கினால் புதைந்துவிடும். முதலில் எல்லோருக்கும் தோன்றிய வழி, சக்கரத்தை அகலமாக்குவது. பெஞ்சமின் ஹோல்ட்டும் அதையே செய்தார். அகலமாக்கி அகலமாக்கி, ஒரு வண்டி மொத்தம் 46 அடி அகலத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் அந்த வழியில் போக இடமில்லை. பிறகு பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகைகளைச் செயினில் கோத்து, 9 அடி நீளத்துக்கு வண்டியே தனக்குப் பாதை விரித்துக்கொண்டு போகும்படி செய்தார். 1904 நவம்பர் 24 அன்று ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி புதையாமல் மண்ணின் மேலேயே நின்றது. அவருடைய நிறுவனமும் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் 1925-ல் இணைந்து உருவானதுதான் கேட்டர்பில்லர்.

ஆனால் அது இழுக்கும் வண்டி. தள்ளும் பிளேடு வேறு வழியாக வந்தது. அதற்கு முன்பே கோவேறு கழுதைகளைப் பின்னால் பூட்டிப் பலகையால் மண்ணைத் தள்ளும் வழக்கம் இருந்தது. 1923-ல் கான்சாஸ் மாநிலத்தின் மோரோவில் என்ற சிற்றூரில் ஜேம்ஸ் கம்மிங்ஸ் என்ற விவசாயியும் ஜே. ஏர்ல் மெக்லியோட் என்ற வரைவாளரும் சேர்ந்து டிராக்டரின் முன்னால் ஒரு பிளேடைப் பொருத்தினார்கள். எண்ணெய்க் குழாய் பதித்த பள்ளங்களை மூடுவதற்காகச் செய்தது அது. 1925 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. புல்டோசர் என்ற சொல்லே முதலில் பிளேடைத்தான் குறித்தது, வண்டியை அல்ல. டிராக்டரை ஒருவர் விற்பார், பிளேடை இன்னொருவர் விற்பார். அந்தச் சொல்லுக்கு அதற்கும் முந்தைய வாழ்க்கை ஒன்று உண்டு: 1870-களில் அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின வாக்காளர்களை அடித்து மிரட்டுவதற்கு அதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். எதிரே நிற்பதைப் பலத்தால் ஒதுக்குவது என்ற பொருள் அங்கிருந்து இயந்திரத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

கம்பியா, எண்ணெயா

பிளேடை எப்படித் தூக்குவது என்பது இன்று யாரும் கேட்காத கேள்வி. ஒரு காலத்தில் அதுதான் பெரிய சண்டை.

கம்பி வண்டியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பின்புறம் என்ஜினால் சுற்றும் ஒரு வின்ச், அதாவது கம்பி சுற்றும் உருளை. அதிலிருந்து கம்பிக்கயிறு வண்டியின் மேல் சட்டத்தில் கப்பி கப்பியாக ஏறி இறங்கி, முன்னால் போய்ப் பிளேடைப் பிடித்திருக்கும். ஆபரேட்டர் லீவரைத் தொட்டதும் பிளேடு சட்டென்று ஏறும். விட்டதும் தடாலென்று விழும். கம்பியில் இழை பிரிந்து முள்முள்ளாக நிற்கும் இடத்தைத் தெரியாமல் தொட்டால் கையுறையைத் தாண்டிக் குத்தும். கம்பி தேய்ந்தால் புதுக்கம்பியை எல்லாக் கப்பி வழியாகவும் மறுபடி கோத்தாக வேண்டும். ஆனாலும் ஆபரேட்டர்களுக்கு அதன் வேகம் பிடித்திருந்தது. ராபர்ட் லெட்டோர்னோ 1920-களின் கடைசியில் உருவாக்கிய இந்தக் கம்பிக் கட்டுப்பாட்டை, டோசருக்கும், மண்ணைச் செதுக்கி அள்ளிப்போகும் ஸ்கிரேப்பருக்கும் சேர்த்து உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள். எண்ணெய் அழுத்தத்தால் பிளேடை நகர்த்தும் அந்தக் கால ஹைட்ராலிக் பம்பு மெதுவானது, சீல் ஒழுகும், ஹோஸ் வெடிக்கும். கம்பி அறுந்தால் கையிலுள்ள சாமான்களை வைத்து அங்கேயே சரிசெய்யலாம். பம்பு போனால் அது முடியாது.

கம்பியால் முடியாதது ஒன்றே ஒன்று. அது பிளேடைத் தூக்கும், கீழே அழுத்தாது. பிளேடு தன் சொந்த எடையில்தான் மண்ணுக்குள் இறங்க வேண்டும். இறுகிய தரையில் அது சுரண்டிக்கொண்டே போகும். ஹைட்ராலிக் சிலிண்டரோ பிளேடை அழுத்தி, வண்டியின் முன்பாகமே தரையிலிருந்து கிளம்பும் அளவுக்கு முழு எடையையும் பிளேடு நுனிக்குக் கொண்டுவரும். என் பார்வையில் கம்பியின் கதையை முடித்தது பிளேடுகூட இல்லை, பின்னால் வந்த ரிப்பர்தான். பாறைக்குள் ஒரு பல்லை இறக்கி உழுதுகொண்டு போக, மேலிருந்து அழுத்தும் பலம் கட்டாயம் வேண்டும். வெடி வைத்துத் தகர்க்க வேண்டிய பாறையில் ஒரு பகுதியை ரிப்பரால் கிழித்தே எடுக்கலாம் என்று தெரிந்ததும், ஒப்பந்ததாரர்களின் கணக்கு மாறியது. வெடிமருந்துச் செலவு, துளை போடும் செலவு, ஆட்களை அப்புறப்படுத்திக் காத்திருக்கும் நேரம் எல்லாம் ஒருபக்கம். கனமான ஒரு டோசர் மறுபக்கம். பெரிய டோசருக்கு உண்மையான தேவை பிறந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இடையில் இரண்டாம் உலகப் போர். 1942-ல் அலாஸ்கா நெடுஞ்சாலையையும், பசிபிக் தீவுகளில் ஓடுபாதைகளையும் போட்டது இன்றைய கணக்கில் சின்ன வண்டிகள், 100 குதிரைத்திறனை ஒட்டியவை. பசிபிக் போரை வென்று தந்த கருவிகளை வரிசைப்படுத்திய அமெரிக்க அட்மிரல் ஹால்சி, நீர்மூழ்கி, ரேடார், விமானம் ஆகியவற்றுக்கு அடுத்ததாகப் புல்டோசரைச் சொன்னார். போர் முடிந்து வீடு திரும்பிய ஆயிரக்கணக்கான ஆபரேட்டர்களுக்கு இந்த வண்டியால் என்ன முடியும் என்று தெரிந்திருந்தது. இன்னும் பெரிதாகக் கேட்டார்கள்.

1947: மூன்று நிறுவனங்களின் ஓட்டம்

1947-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிடி-24 வண்டியை இறக்கியது, 180 குதிரைத்திறன். அதன் சிறப்பு திருப்பும் முறை. சாதாரண வண்டியில் திரும்ப வேண்டுமானால் ஒரு பக்கச் செயினின் கிளட்சை விடுவித்து, பிரேக் போட வேண்டும். திரும்பும் நேரத்தில் பாதித் தள்ளுபலம் போய்விடும். டிடி-24-ல் இரண்டு செயினும் சக்தியோடேயே, ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் ஓடும். பிளேடு நிறைய மண்ணோடு வளைவில் திரும்பிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

அதே ஆண்டு அல்லிஸ்-சால்மர்ஸ் எச்டி-19 வந்தது. சுமார் 18 டன். அது கிளட்சுக்குப் பதில் டார்க் கன்வர்ட்டரை வைத்திருந்தது. இதன் பொருள் எளியது. கிளட்ச் வண்டியில் பாரம் கூடினால் என்ஜின் அணைந்துபோகும்; ஆபரேட்டர் கிளட்சை மிதித்து, கியர் மாற்றி, மறுபடி தொடங்க வேண்டும். டார்க் கன்வர்ட்டரில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் சுழல்கிறது. பாரம் கூடினால் வண்டி வேகம் குறைந்து, தள்ளுபலம் கூடும், என்ஜின் அணையாது. எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெய் சூடாகும். நேரடி கிளட்சை விரும்பிய பழைய ஆபரேட்டர்கள் நீண்ட காலம் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு: நேரடிப் பிணைப்பில் என்ஜினின் சக்தி வீணாகாமல் செயினுக்குப் போகும். ஆனால் நாள் முழுக்க முன்னும் பின்னும் போய்வரும் வேலையில், ஒவ்வொரு தடவையும் மிச்சமாகும் சில நொடிகளும், ஆபரேட்டரின் முழங்காலும் சேர்ந்து டார்க் கன்வர்ட்டரை ஜெயிக்க வைத்தன.

கேட்டர்பில்லர் பொறுமையாக இருந்து 1955-ல் டி9-ஐ விற்பனைக்கு விட்டது. 286 குதிரைத்திறன். 1961-ல் வந்த டி9ஜி-யில் அது 385 ஆனது. 1974-ன் டி9எச்-ல் 410. புதுமையைப் பார்த்தால் டிடி-24, எச்டி-19 இரண்டுமே டி9-ஐ விட முந்தியவை. ஆனாலும் பெரிய வேலைத் தளங்களில் 20 ஆண்டுகளுக்கு மேல் அளவுகோலாக நின்றது டி9தான்.

ஒரு வண்டி, இரண்டு என்ஜின்

டி9-க்கு நேர் எதிரே 1955-ல் வந்து நின்றது யூக்ளிட் டிசி-12. பெரிய டீசல் என்ஜின் ஒன்றை உருவாக்குவதற்குப் பதிலாக, ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 6-71 என்ஜின் இரண்டை அருகருகே வைத்தார்கள். மொத்தம் 388 குதிரைத்திறன். அன்றைய டி9-ஐ விட 100 அதிகம். இடது என்ஜின் இடது செயினுக்கு, வலது என்ஜின் வலது செயினுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி டார்க் கன்வர்ட்டர், தனி கியர்.

இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. சட்டமே நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும்; மேடுபள்ளத்தில் ஒரு பாதி ஏறினால் மறுபாதி தரையை விடாது. ஒரு செயினை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் ஓட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். திருப்புவதற்கென்று கிளட்சோ பிரேக்கோ தேயாது. ஆனால் நாணயத்தின் மறுபக்கமும் அதேதான்: எல்லாமே இரண்டு. இரண்டு என்ஜின், இரண்டு ரேடியேட்டர், இரண்டு கியர்பெட்டி. பராமரிப்பும் இரண்டு மடங்கு. எந்த ஒன்று பழுதானாலும் முழு வண்டியும் நிற்கும். இன்னொரு குறையும் உண்டு. ஒரு பக்கச் செயினுக்குப் பாரம் கூடினால், மறுபக்க என்ஜினின் சக்தியை அங்கே திருப்பிவிட வழியில்லை. ஒற்றை என்ஜின் வண்டியில் பிடிப்பு இருக்கும் செயினுக்கு முழுச் சக்தியையும் தரலாம். இதில் ஒவ்வொரு செயினுக்கும் அதன் பாதிதான். டெரக்ஸ் என்ற பெயரில் 82-80 ஆக 1970-கள் வரை இந்த வம்சம் வந்தது. ஒற்றை என்ஜினே போதுமான அளவு வளர்ந்ததும் இதன் தேவை தீர்ந்தது.

இரண்டு வண்டி, ஒரு வேலை

1960-களில் ஸ்கிரேப்பர்கள் பெரிதாகிவிட்டன. ஸ்கிரேப்பர் மண்ணைச் செதுக்கி வயிற்றுக்குள் ஏற்றும்போது பின்னாலிருந்து டோசர் முட்டித் தள்ள வேண்டும். ஒரு டி9 போதவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டி9-ஐ விட்டால், பின்வண்டி ஆபரேட்டர் அரை நொடி தாமதித்தாலும் முன்வண்டிக்கு அடி விழும், பலமும் சேராது. கலிபோர்னியாவில் கேட்டர்பில்லர் விற்பனையாளராக இருந்த பஸ்டர் பீட்டர்சன் இரண்டு டி9ஜி-யை முன்னும் பின்னுமாக ஒரு உருண்டை இணைப்பால் கோத்து, முன்வண்டியிலிருந்தே இரண்டையும் ஓட்டும்படி செய்தார். 1964-லிருந்து கேட்டர்பில்லரே இதை டிடி9ஜி என்ற பெயரில் விற்றது. 385-ம் 385-ம் சேர்ந்து 770 குதிரைத்திறன்.

1969-ல் அதன் உடன்பிறப்பு வந்தது. இம்முறை இரண்டு டி9ஜி பக்கவாட்டில் இணைந்து, முன்னால் 24 அடி அகலத்தில் ஒரே பிளேடு. தளர்ந்த மண்ணை அகலமாகப் பரப்ப, சுரங்கம் தோண்டிய நிலத்தைச் சமன்படுத்த அது நல்ல வண்டி.

இந்த இரண்டுக்கும் நடுவே எனக்கு டிடி9ஜி மேல்தான் மதிப்பு அதிகம். முன்னும்பின்னும் கோத்தது நேராகத் தள்ளும் வேலைக்கு. நேராகத் தள்ளும்போது நாலு செயினும் ஒரே பலத்தைத் தரும். பக்கவாட்டு இணைப்பிலோ திருப்பும்போதெல்லாம் நாலு செயினும் மண்ணை உரசி, இணைப்புத் தண்டுகளில் முறுக்கு ஏறும். ஒரு பக்கம் பாறை தட்டினால் முழு பிளேடும் திருகும். ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெரிய நன்மை இருந்தது. வேலை முடிந்தால் பிரித்துவிடலாம். ஒவ்வொரு வண்டியும் டி9 ஆகவே தனித்தனியாக டிரெய்லர் ஏறும், உதிரிபாகமும் அதே டி9 பாகந்தான். புதிதாக ஒரு ராட்சதனை வடிவமைக்காமல் அதன் பலத்தைப் பெற்ற கெட்டிக்காரத்தனம் அது. உழைப்பு மிகுந்த இடைக்கால ஏற்பாடு என்பதையும் மறுக்க முடியாது.

ஒற்றை வண்டி வளர்ந்தபோது

அல்லிஸ்-சால்மர்ஸ் இன்னொரு பாதையில் போனது. 1963-ல் முன்மாதிரி காட்டி, 1970-ல் விற்பனைக்கு விட்ட எச்டி-41-க்கு 524 குதிரைத்திறன். அப்போது உற்பத்தியில் இருந்த செயின் வண்டிகளில் அதுவே பெரியது. 1970-களின் நடுவில் கொமாட்சு 620 குதிரைத்திறனில் டி455ஏ-வைக் கொண்டுவந்தது. ஜப்பானின் கொமாட்சு நகரில் 1921-ல் பிறந்த நிறுவனம், 1943-ல் நாட்டின் முதல் புல்டோசரைச் செய்த நிறுவனம், 30 ஆண்டுகளில் அமெரிக்கர்களுக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டும் வடிவத்தில் பழைய வழிதான். எல்லாம் பெரிது, அவ்வளவே.

அங்கேதான் ஒரு வரம்பு தெரிந்தது. இதைப் புரிந்துகொள்ளப் பழைய டோசரின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். செயினைச் சுற்றவைக்கும் பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், தரையை ஒட்டிப் பின்கோடியில் இருக்கும். அதற்குள் ஃபைனல் டிரைவ், அதாவது கடைசிக் கியர்த் தொகுதி. ஸ்ப்ராக்கெட் தண்டின் வெளிமுனை செயின் சட்டத்தில் தாங்கியிருக்கும். வண்டி ஒரு பாறையின் மேல் ஏறி இறங்கினால், அந்த அடி செயின் வழியாக நேரே ஸ்ப்ராக்கெட்டுக்கும், அங்கிருந்து பேரிங்குக்கும் கியர்ப் பல்லுக்கும் போகும். சட்டம் முறுக்கினால் தண்டின் நேர்கோடு தவறும். 25 டன் வண்டிக்கு இதைத் தாங்கலாம். 80 டன் வண்டிக்கு, ரிப்பரோடு பாறையில் நாள் முழுக்க வேலை என்றால், ஒவ்வொரு அடியும் பட்டறைச் செலவு.

பட்டறையில் நிலைமை இன்னும் மோசம். ஸ்டீயரிங் கிளட்சைத் தொட வேண்டுமானால் இருக்கை, எரிபொருள் தொட்டி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ஃபைனல் டிரைவைப் பார்க்கச் செயினை அவிழ்த்து, செயின் சட்டத்தையே இழுத்துப்போட வேண்டும். கழற்றும் நேரத்தில் பெரும்பகுதி, பழுதாகாத பாகங்களைக் கழற்றவே போகும். மெக்கானிக்குகளுக்கு மட்டும் தெரிந்த வேதனை இது.

1977-ல் அறிமுகமான டி10-ல் கேட்டர்பில்லர் ஸ்ப்ராக்கெட்டைத் தூக்கி மேலே வைத்தது. செயின் முக்கோணமாகிவிட்டது: மேலே ஸ்ப்ராக்கெட், கீழே முன்னும் பின்னும் செயினைத் தாங்கித் திருப்பும் ஐட்லர் சக்கரங்கள். வெளியிலிருந்து பார்த்தால் வினோதமான வண்டி. ஆனால் காரணம் தெளிவு. தரையின் அடி ஐட்லரோடு நின்றுவிடும்; மேலே இருக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும்தான். கீழ்ச்செயினின் மேல் உருண்டு எடையைத் தாங்கும் ரோலர்களைத் தனித்தனிச் சட்டங்களில் தொங்கவிட்டதால், கீழ்ச்செயின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப நெளிந்து, தரையைக் கூடுதலாகப் பிடித்தது. ஃபைனல் டிரைவும் கியர்த் தொகுதியும் பெட்டி பெட்டியாகக் கழன்று வந்தன. செயினை அவிழ்த்து, போல்ட்டைக் கழற்றி, ஃபைனல் டிரைவை வெளியே இழுத்துவிட்டு, முன்பே சோதித்து வைத்த இன்னொன்றைப் பூட்டி, வண்டியை வேலைக்கு அனுப்பலாம். பழுதானதை நிதானமாகப் பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம். 700 குதிரைத்திறனைப் பற்றித்தான் அன்று எல்லோரும் பேசியிருப்பார்கள். எனக்கு இந்தப் பெட்டிப் பெட்டியான அமைப்புதான் டி10-ன் உண்மையான கண்டுபிடிப்பு.

1986-ல் அதன் இடத்துக்கு டி11என் வந்தது. குதிரைத்திறன் 770. இரண்டு டி9ஜி-யைக் கோத்துக் கிடைத்த அதே எண். கோத்த வண்டிகளின் காலம் முடிந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

முக்கோணமா, ஓவலா

இன்று பெரிய டோசர் வாங்குபவர் முன்னால் உள்ள உண்மையான தேர்வு இது. ஒருபக்கம் கேட்டர்பில்லர் டி11. 1990-களில் 850 குதிரைத்திறனுக்கு ஏறியது, எடை 100 டன்னுக்கு மேல். மறுபக்கம் கொமாட்சு டி475ஏ. 1980-களில் தொடங்கி இன்றுவரை பழைய நீள்வட்ட வடிவான ஓவல் செயினையே வைத்திருக்கிறது, எடையும் சக்தியும் ஏறக்குறைய அதே வகுப்பு. யு வடிவப் பிளேடில் இரண்டுமே 34.4 கன மீட்டர் அள்ளும். தாளில் பார்த்தால் பிரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஓவலின் பக்கம் உள்ள நியாயத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. முக்கோணத்தில் செயின் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று இடங்களில் வளைகிறது, ஓவலில் இரண்டு இடங்களில். வளையும் இடத்தில்தான் செயின் கண்ணிகளைக் கோத்திருக்கும் பின் என்ற ஆணியும், அதைச் சுற்றிய புஷ் என்ற வளையமும் தேயும். மணலும் ஈரமும் கலந்த தரையில், குறிப்பாகப் பின்னோக்கி வேகமாக ஓடும்போது, இந்த ஒரு வளைவு செயினின் ஆயுளில் தெரியும். ஓவலில் கனம் தாழ்வாக இருப்பதால் சரிவில் வண்டி உறுதியாக நிற்கும் உணர்வு கிடைக்கும். போகி அமைப்பில் ரோலர்களை அசையவிட்டு, கரடுமுரடான தரையில் அடியைக் குறைக்கும் வழியைக் கொமாட்சுவும் கொண்டுவந்துவிட்டது. ஆகவே 1977-ல் இருந்த இடைவெளி இன்று இல்லை.

இருந்தும், ரிப்பரோடு பாறையில் வேலை என்றால் நான் முக்கோணத்தைத்தான் எடுப்பேன். ரிப்பர் பல் இறுகிப் பிடிக்கும்போது வண்டியின் பின்பாகம் தூக்கி அடிக்கும். அந்த அடி விழும் இடத்தில் ஃபைனல் டிரைவ் இல்லாமல் இருப்பது பெரிய நிம்மதி. தளர்ந்த மேல்மண்ணையோ நிலக்கரியையோ நீளமாகத் தள்ளும் வேலை என்றால் தேர்வு அவ்வளவு எளிதில்லை. அங்கே கையில் கிடைக்கும் உதிரிபாகமும், பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்குமே தீர்மானிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியவை

1980-களின் தொடக்கத்தில் இத்தாலியின் போர்ட்டோக்ரூவாரோவில் உம்பெர்ட்டோ அக்கோ என்பவர் 183 டன் டோசர் ஒன்றைச் செய்தார். இரண்டு என்ஜின், மொத்தம் 1,300 குதிரைத்திறன். லிபியாவுக்காகச் செய்தது. வர்த்தகத் தடையால் நாட்டைவிட்டு வெளியே போகவே இல்லை; ஒரு நாளும் வேலை பார்க்கவில்லை. 1983-ல் சோவியத் ஒன்றியத்தின் செல்யாபின்ஸ்க் ஆலை டி-800 என்ற 100 டன் தாண்டிய டோசரைச் செய்தது, 820 குதிரைத்திறன். பத்து வண்டிகள் அளவுக்குத்தான் பிறந்தன.

உண்மையில் வேலை செய்து காட்டிய ராட்சதன் கொமாட்சு டி575ஏ. 1981-ல் ஹூஸ்டன் கண்காட்சியில் வைத்த 1,000 குதிரைத்திறன் முன்மாதிரியிலிருந்து வளர்ந்து, 1991-ல் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் வந்த சூப்பர் டோசர் வடிவம் 1,150 குதிரைத்திறன், 152 டன். பிளேடு 7.4 மீட்டர் அகலம், 3.25 மீட்டர் உயரம். முன்பு இரண்டு டி9ஜி-யைப் பக்கவாட்டில் இணைத்து வைத்த 24 அடி பிளேடும் ஏறத்தாழ இதே அகலம். அதை ஒரே வண்டி சுமந்தது. ஒரு தள்ளுக்கு 69 கன மீட்டர். நல்ல உயரமான ஆள் இருவர் ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்றால்தான் அந்தப் பிளேடின் மேல்விளிம்புக்கு மேலே எட்டிப்பார்க்க முடியும்.

இதை ஒரு கணக்கோடு பார்ப்போம். இரண்டு டி475ஏ யு பிளேடு சேர்ந்து 68.8 கன மீட்டர். அதாவது ஒரு டி575ஏ-வின் பிளேடுக்குச் சமம். ஆனால் அந்த இரண்டு வண்டியின் இரும்பு 200 டன்னைத் தாண்டும், ஆபரேட்டர் இருவர். டி575ஏ 152 டன்னில், ஒரே ஆபரேட்டரோடு அதே மண்ணைத் தள்ளுகிறது. வெடித்துத் தளர்ந்த பாறையை இறக்கத்தில் தள்ளும் நிலக்கரிச் சுரங்கத்தில் அதற்கு இணை கிடையாது. ஒரு டன் இரும்புக்கு எவ்வளவு மண் என்று பார்த்தால் டி575ஏ-தான் வெல்கிறது.

பிறகு ஏன் அது உற்பத்தியிலிருந்து போனது? ஒரு வண்டி நின்றால் முழு வேலையும் நிற்கும். இரண்டில் ஒன்று நின்றால் பாதி ஓடும். அந்த 152 டன்னைப் பிரித்து, பல டிரெய்லர்களில் ஏற்றி, இறக்கி, கிரேனால் மறுபடி கூட்டுவது ஒரு தனி வேலை. சுரங்கம் நகர்ந்தால் வண்டியும் நகர வேண்டும். உலகில் இருப்பதே கொஞ்ச வண்டிகள் என்பதால் உதிரிபாகம் தயாராக அலமாரியில் இருக்காது. இதற்கிடையே போட்டி வேறு திசையிலிருந்தும் வந்தது: டி11-ஐயே வைத்து, பிளேடுக்குள் மண்ணை வாங்கிச் சுமந்துகொண்டு போகும் கேரிடோசர் என்ற வடிவத்தைக் கேட்டர்பில்லர் 1990-களில் கொடுத்தது. அதன் பிளேடு 43.6 கன மீட்டர். இரண்டு கேரிடோசர் சேர்ந்தால் 87. பழகிய வண்டி, பழகிய பாகம், பிளேடு மட்டும் மாறியது. 69 கன மீட்டருக்காகப் புது வகுப்பு வண்டி ஒன்றை வளர்த்தவர்களைவிட, இருக்கும் வண்டியின் முன்னால் நல்ல பிளேடு மாட்டியவர்கள் கூடுதல் தூரம் போனார்கள். டி575ஏ-வை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். அதன் பொறியியலில் குறை சொல்ல எதுவுமில்லை.

டயர், எண்ணெய், மின்சாரம்

டயர் டோசரை ஒரு பத்தியில் முடித்துக்கொள்ளலாம். களிமண்ணில் செயினுக்கு முன் நிற்க முடியாது. ஆனால் கல்குவாரித் தரையில் கணக்கு தலைகீழாகும்: அங்கே ரப்பரின் பிடிப்பு எடையில் 65 சதவீதம், இரும்புச் செயினுக்கு 55 சதவீதம்தான். இடத்துக்கு இடம் வேகமாக ஓடிச் சிதறிய கல்லை ஒதுக்க, மண் அள்ளும் ஷவல் இயந்திரம் நிற்கும் தளத்தைச் சுத்தமாக வைக்க டயர் வண்டியே மேல். வெட்டித் தள்ளும் கனமான வேலைக்கு அது சரிவராது.

சக்தியைச் செயினுக்குக் கொண்டுபோகும் வழியில் இன்னும் போட்டி முடியவில்லை. லிப்ஹெர் 2016-ல் காட்டிய பிஆர் 776, 70 டன் வகுப்பில் டார்க் கன்வர்ட்டரே இல்லாமல் முழுக்க எண்ணெய்ப் பம்பாலும் மோட்டாராலும் ஓடுகிறது. கியர் மாற்றமே கிடையாது. செல்யாபின்ஸ்கில் 1950-களின் பிற்பகுதியிலேயே டெட்-250 என்ற டீசல்-மின்சார டோசரைத் தொடங்கியிருந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2009-ல், கேட்டர்பில்லர் டி7இ-யோடு அதே எண்ணத்துக்கு வந்தது. மின்மோட்டாரில் குறைந்த வேகத்திலேயே முழு முறுக்கு கிடைக்கும், கியர் வேண்டாம். இவை எல்லாம் நடுத்தர அளவில் நன்றாக வேலை செய்கின்றன. 100 டன்னுக்கு மேல் பாறையில் கிழிக்கும் வண்டியில் இன்னும் டார்க் கன்வர்ட்டர்தான் ஆட்சி செய்கிறது. அந்த உஷ்ணத்தையும் அடியையும் நாள் கணக்கில் தாங்கி நிரூபித்தது அதுதான்.

கடைசியாக, வாங்கும் முன் ஒரு அளவு நாடாவை எடுங்கள். மண்ணை எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்று அளந்து பாருங்கள். 50 மீட்டர், அதுவும் இறக்கம் என்றால், பெரிய டோசருக்கு இணை இல்லை. அதிலும் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பத் தள்ளி, இருபக்கமும் மண்சுவர் எழும்பவிட்டால், பிளேடின் ஓரத்தில் சிந்துவது நின்று ஒவ்வொரு தள்ளும் நிறைந்து போகும். 100 மீட்டரை நெருங்கினால், பின்னோக்கி வெறுமனே திரும்பி வரும் நேரம் கணக்கைத் தின்ன ஆரம்பிக்கும். அதைத் தாண்டினால் டி11-ம் வேண்டாம், டி475ஏ-வும் வேண்டாம். ஸ்கிரேப்பரையோ லாரியையோ பாருங்கள்.